கணனிச் செயலிக்கு எந்தக் கட்டமைப்பு?

(சங்கத்தின் ஆண்டுவிழாவையொட்டிச் சீனன்குடாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது இளைஞர்கள் ஒரு நற்பணியில் இறங்க எண்ணியுள்ளனர். வெள்ளமும் புயலும் வருங்காலத்தில் எந்தக் குடும்பம் எந்த முகாமில் இருக்கிறது, எங்கே அரிசி வேண்டும், எங்கே பால்மா வேண்டும், இரத்தம் வழங்க ஆயத்தமாக உள்ளவர் யாவர் என்பவற்றைப் பதிந்து காட்டும் ஒரு கணனிச் செயலியை ஆக்குவது அவர்தம் நோக்கம். நோக்கத்தில் எவர்க்கும் வேறுபாடு இல்லை. ஆயினும் செயலியை ஒரே கட்டாக எழுதுவதா, பல சிறு சேவைகளாகப் பிரித்து எழுதுவதா என்னும் வினாவில் அவர்கள் இரு பக்கமாக நிற்கின்றனர்.

பெரியோர்களுக்கு இது இளைஞர்களின் தொழில்நுட்பச் சச்சரவாகத் தோன்றலாம். ஆனால் அச்செயலிக்குப் பணம் ஒதுக்க வேண்டியவர்கள் பெரியோர்களே. எழுதிய இளைஞர் மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் ஊர்விட்டுச் சென்றபின் அதனைக் காக்க ஆள் தேட வேண்டியவர்களும் அவர்களே. ஆதலின் இவ்வினாவை இரு சாராரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் ஆராய்வோம்.

கட்டமைப்பு என்பது யாது?

வீடு கட்டுமுன் எங்கே சுவர், எங்கே வாயில், எது அடுக்களை, எது சுவாமியறை என்று தீர்மானிக்கிறோம். சுவரின் நிறத்தைப் பின்னர் மாற்றலாம், யன்னலைப் பெரிதாக்கலாம், அத்திவாரத்தை மாற்றுவது அரிது. செயலிக்கும் இது பொருந்தும். பின்னர் மாற்றுவதற்கு மிகுந்த நாளும் பணமும் பிடிக்கின்ற முடிவுகளின் தொகுதியே அதன் கட்டமைப்பு எனலாம். பலர் பலகாலம் கட்டிப் பார்த்து, இன்ன தேவைக்கு இன்ன அமைப்பு ஏற்றது என்று கண்டு பெயரிட்டு வைத்தவை கட்டமைப்புப் பாங்குகள். இவ்வெண்ணமே வீடு கட்டுவோரிடமிருந்து வந்ததுதான். கட்டடக் கலைஞர் கிறிஸ்தோபர் அலெக்சாந்தர் 1977 ஆம் ஆண்டு தம் குழுவினருடன் வெளியிட்ட நூலில், வீடு, தெரு, நகர் ஆகியவற்றுக்குரிய 253 பாங்குகளைத் தொகுத்தார். கணனி அறிஞர்கள் அதனைக் கண்டு தம் துறைக்கும் அவ்வாறே தொகுக்கலாயினர்.

பாங்குகள் பல. நமக்கு வேண்டிய ஐந்தினை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது ஒற்றைக்கட்டு. பதிவு, கணக்கு, அறிக்கை, செய்தி அனுப்புதல் யாவும் ஒரே நிரலாக எழுதப்பட்டு, ஒரே கணனியில் ஓடி, ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்தும். எழுதுவது எளிது, பிழை தேடுவது எளிது, ஓரிடத்தில் நிறுவினால் போதும். உள்ளே சுவர் வையாது எழுதிக்கொண்டே போனால் மட்டும் இது கெடும். அரிசிக் கணக்கைத் திருத்தப் போனவன் இரத்ததானப் பட்டியலைக் கெடுத்துவிட்டு வருவான்.

இரண்டாவது அடுக்குமுறை. கோயிலில் வீதியில் நிற்பவர் நேரே மூலஸ்தானத்துள் நுழைவதில்லை; மண்டபங்களைக் கடந்து செல்லும் ஓர் ஒழுங்கு உண்டு. அதுபோலத் திரையில் காட்டுவது ஓர் அடுக்கு, விதிகளைச் சரிபார்ப்பது ஓர் அடுக்கு, தரவைச் சேமிப்பது ஓர் அடுக்கு என வகுத்து, ஒவ்வோர் அடுக்கும் தனக்கு அடுத்ததோடு மட்டுமே பேச வேண்டும் என்பது இம்முறை. தரவுக்கு ஒரே வாயில் இருப்பதனால் காவலும் எளிது. மக்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், நோய் விவரம் ஆகியவற்றை நாம் வைத்திருக்கப் போகிறோம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்நாட்டில் உண்டு. எனவே இவ்வாயிற்காவல் சிறு விடயம் அன்று. குறை யாதெனில், படிவத்தில் ஒரு தொலைபேசி இலக்கத்தைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமாயினும் எல்லா அடுக்குகளையும் தொட்டு வரவேண்டும்.

மூன்றாவது தொடர்முறை. நமது ஊரிலுள்ள பிறீமா மாவாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பலிலிருந்து இறங்கிய கோதுமை துப்புரவு செய்யப்பட்டு, ஈரம் ஊட்டப்பட்டு, உருளைகளுக்கிடையே அரைபட்டு, சலிக்கப்பட்டு, பையில் அடைபடுகிறது. ஒரு கட்டத்தின் விளைவே அடுத்த கட்டத்தின் மூலப்பொருள். யுனிக்ஸ் இயங்குதளத்தில் 1973 ஆம் ஆண்டு டக் மக்கில்றோய் என்பாரின் தூண்டுதலால் வந்த குழாய்த்தொடர் இதுவே. நாளாந்த அறிக்கை, சம்பளப் பட்டியல் போன்ற ஒருவழிப் பணிகளுக்கு இது உகந்தது. கேள்வியும் விடையுமாக மாறி மாறிப் பேசும் பணிக்கு இது ஏற்காது.

நான்காவது நிகழ்வுவழி முறை. கண்டாமணி அடிக்கப்படுகிறது, கேட்டவர் ஒருவர் விளக்கேற்றுவார், ஒருவர் பூவெடுப்பார், ஒருவர் வீட்டிலிருந்து புறப்படுவார். மணியடிப்பவர் இவர்கள் யாரையும் தனித்தனியே அழைப்பதில்லை. செயலியில் "புதிய குடும்பம் பதிவாயிற்று" என்னும் அறிவிப்பு ஒன்று வெளியிடப்பட, வேண்டிய பகுதிகள் அதனைக் கேட்டுத் தத்தம் பணியைச் செய்யும். புதிய பணியொன்றை இணைப்பது இதில் எளிது. ஆனால் ஒரு பணி நடவாதுவிட்டால், மணி அடிக்கப்படவில்லையா, அடித்தும் கேட்கவில்லையா என்று தேடுவது கடினம்.

ஐந்தாவது நுண்சேவை முறை. இன்று இளைஞர் நாவில் மிகுதியாக வழங்குவது இதுவே. ஜேம்ஸ் லூவிசும் மார்ட்டின் பவுலரும் 2014 ஆம் ஆண்டு மார்ச் மாதம் எழுதிய கட்டுரையால் இப்பெயர் உலகெங்கும் பரவிற்று. ஒவ்வொரு பணியும் தனி நிரல், தனித்தனியே நிறுவப்படும், தனக்கெனத் தரவுத்தளம் கொள்ளும், ஒன்றோடொன்று வலையமைப்பின் வழியே பேசும்.

எண்ணெய்த் தாங்கிகள் கற்பிப்பவை

இந்த ஐந்தாம் முறையின் பயனையும் செலவையும் அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்தாலே போதும்.

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயர் தம் கடற்படைக்கென இவற்றைக் கட்டினர். இன்று எஞ்சி நிற்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது. இவ்வளவு எண்ணெயையும் ஒரே பெருந்தாங்கியில் வைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் காட்டிற்று. யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அன்று, ஒரு விமானம் தாங்கியொன்றின்மீது வீழ்ந்து, தீ ஏழு நாட்கள் எரிந்ததென்பர். அத்தாங்கி அழிந்தது, தொகுதி அழியவில்லை. பிரித்து வைத்ததன் பயன் இது. கப்பலின் அடிப்பாகத்தை நீர்புகா அறைகளாக வகுக்கும் தடுப்புச்சுவரின் பெயரையே இத்தகைய பிரிப்புக்குக் கணனித் துறையினரும் இட்டு வழங்குகின்றனர்.

இனிச் செலவைப் பார்ப்போம். 99 தாங்கிகளுக்கும் குழாய் வேண்டும், வால்வு வேண்டும், காவல் வேண்டும், எண்ணூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். ஒரு பேரரசின் கடற்படைக்கு அது தகும். அக்கடற்படை போனபின் மேற்றொகுதித் தாங்கிகள் பல தசாப்தங்கள் பயன்படாது காட்டுக்குள் நின்றன. அவற்றை எவ்வாறு பங்கிடுவது என்பதற்கே 2022 ஆம் ஆண்டு சனவரியில் புதிய உடன்படிக்கை வேண்டியதாயிற்று. 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு என வகுக்கப்பட்டது. பேரரசின் அளவுக்குக் கட்டியதைச் சிறு குடும்பம் காப்பது எத்துணைச் சுமை என்பதை எண்ணிப் பாருங்கள்.

நுண்சேவையிலும் இச்சுமை உண்டு. அதனைக் கணக்கிட்டே காட்டலாம். ஒரு சேவை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீதம் ஒழுங்காக இயங்குகிறது என்போம். அதாவது ஆண்டுக்கு மூன்றரை நாள் அளவே அது படுத்துவிடும். ஒரு குடும்பத்தைப் பதிவதற்கு இத்தகைய பத்துச் சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக விடையளிக்க வேண்டுமாயின், பத்தும் ஒருங்கே இயங்கும் காலம் நூற்றுக்குத் தொண்ணூறு வீதமளவாகக் குறையும். ஆண்டில் முப்பத்தைந்து நாள் பதிவு நடவாது. ஒன்றையொன்று எதிர்பாராதவாறு வகுத்தாலன்றிப் பிரிவினை காப்பாற்றாது. எல்லாத் தாங்கிகளையும் ஒரே குழாயில் கோத்துவிட்டால் தாங்கிகள் பலவாயிருந்தும் பயனில்லை.

இன்னொரு செலவு கணக்கு வழுவுதல். களஞ்சியத்திலிருந்து 50 மூடை அரிசி ஒரு முகாமுக்குப் போகிறது. களஞ்சியக் கணக்கில் கழிக்க வேண்டும். முகாம் கணக்கில் கூட்ட வேண்டும். ஒரே தரவுத்தளமாயின் இரண்டும் நிகழும், அல்லது இரண்டும் நிகழா. இடையில் மின்சாரம் போனாலும் அரைகுறையாக நில்லாது. இரண்டு சேவைகளாகப் பிரித்தால் ஒன்று நிகழ்ந்து மற்றது நிகழாமல் போகலாம். அதனைச் சரிசெய்ய வழிகள் உள. அவற்றை எழுதத் தேர்ந்த கையும் நெடுநாளும் வேண்டும். இங்கே பிழைத்தால் ஒரு முகாமுக்கு அரிசி இருமுறை போகும். இன்னொரு முகாமில் பிள்ளைகள் பசித்திருப்பர்.

உலகத்து அனுபவம்

நுண்சேவையை நாம் இகழவில்லை. நெட்பிளிக்ஸ் நிறுவனத்தின் தரவுத்தளம் 2008 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் பழுதடைந்து, மூன்று நாட்கள் அவர்களால் வாடிக்கையாளருக்கு ஒளித்தட்டுகளை அனுப்ப முடியாது போயிற்று. அதன்பின் அவர்கள் ஒற்றைக்கட்டை நூற்றுக்கணக்கான நுண்சேவைகளாகப் பிரித்து, 2016 ஆம் ஆண்டு சனவரியிலே இடமாற்றத்தை முடித்தனர். கோடிக்கணக்கான வாடிக்கையாளரும் பெருந்தொகைப் பொறியியலாளரும் உள்ள இடத்துக்கு அது தகுதியான தெரிவு. மறுபக்கம், அமேசன் நிறுவனத்தின் பிரைம் வீடியோப் பகுதியினர் ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் கருவியொன்றைப் பல துண்டுகளாக அமைத்திருந்தனர். அவற்றை ஒரே கட்டாகச் சேர்த்ததும் அதன் செலவு தொண்ணூறு வீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023 ஆம் ஆண்டு அவர்களே எழுதினர். எனவே பெரிய நிறுவனம் செய்தது என்பதொன்றே நமக்குக் காரணமாகாது.

நமக்கு அண்மையான உதாரணம் நமது நாட்டிலேயே உண்டு. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. கிண்ணியாவும் மூதூரும் நிலாவெளியும் அன்று பட்ட துயரை இங்குள்ள பெரியோர் அறிவர். அவ்வேளையில் இலங்கையின் கணனித் தொண்டர்கள் சேர்ந்து சில வாரங்களுக்குள் 'சகனா' என்னும் இடர்முகாமை மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, தொண்டு நிறுவனப் பதிவு, உதவி வேண்டுகோள் என்பன அதன் பகுதிகள். லங்கா சொவ்ற்வெயர் பவுண்டேசன் அதனை வளர்த்தது. அவசரத்தில் எழுதியதைப் பின்னர் எந்நாட்டுக்கும் பயன்படத்தக்கதாகத் திருத்தி எழுதினர். 2005 இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப்பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போது, 2010 இல், பைதன் மொழியில் எழுதப்பெற்ற 'சகனா ஈடன்' என்னும் அதன் புதிய வடிவம் உதவிற்று.

இளைஞர்களே, அதன் அமைப்பைக் கவனியுங்கள். நாட்டளவான பேரிடருக்கு எழுதிய அவர்கள் அதனைப் பத்துச் சேவைகளாகச் சிதறவிடவில்லை. பொதுப்பணிகளுக்கு ஒரு நடுக்கரு. அதனைச் சுற்றிப் பதிவுப் பகுதிகள். வேண்டாத பகுதியை நிறுத்தி வைக்கலாம், புதியதைச் சேர்க்கலாம். யாவும் ஒரே செயலி. நமது முன்னோரின் நாற்சார் வீடு போன்றது அது. நடுவில் ஒரே முற்றம். சுற்றிலும் தனித்தனி அறைகள். ஒவ்வோர் அறைக்கும் கதவு. மேலே ஒரே கூரை. இதனை அறைவகுத்த ஒற்றைக்கட்டு என்போம். ஒற்றைக்கட்டின் எளிமையும், பிரிவினையின் ஒழுங்கும் இதில் ஒருங்கே அமைகின்றன.

தெரிவதற்குரிய வினாக்கள்

எந்தச் செயலிக்கும் பாங்கு தெரியுமுன் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும்.

முதல் வினா: எழுதுவோர் எத்தனைபேர், காப்போர் எத்தனைபேர்? ஒரு கூட்டத்தார் ஆக்கும் அமைப்பு அக்கூட்டத்தாரின் உட்தொடர்பின் வடிவத்தையே பெறும் என்று மெல்வின் கொன்வே 1968 ஆம் ஆண்டிலேயே எழுதினார். பத்துக் குழுக்கள் இருந்தால் பத்துச் சேவைகள் பொருந்தும். நம்மிடம் இருப்பவர்கள் ஐந்தாறு இளைஞர்; அவர்களும் மாலை வேளையில் கூடுபவர்கள். ஒரு வீட்டைத்தான் அவர்களாற் காக்க முடியும்.

இரண்டாம் வினா: பாரம் எவ்வளவு? பத்தாயிரம் குடும்பங்களைப் பதிந்தாலும், குடும்பமொன்றுக்கு இரண்டு கிலோபைற்று வீதம் எல்லாம் 20 மெகாபைற்றுக்குள் அடங்கும். கைத்தொலைபேசியில் எடுக்கும் சில நிழற்படங்களின் அளவே அது. இதற்குப் பேரரசின் தாங்கித் தொகுதி வேண்டா.

மூன்றாம் வினா: எது உடைந்தபோதும் எது நிற்க வேண்டும்? நம்மைப் பொறுத்தவரை இதுவே தலையாயது. டித்வா புயல் 2025 ஆம் ஆண்டு நவம்பரில் இந்நாட்டைத் தாக்கியபோது, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அறுந்தன. நமது செயலி தேவைப்படும் நாளும் இணையம் இல்லாத நாளும் ஒரே நாளாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு முகாமிலும் ஒரு மடிக்கணினியில் அது தானே தனித்து இயங்க வேண்டும். இணைப்புத் திரும்பியதும் பதிவுகள் ஒன்றுசேர வேண்டும்.

நாம் பரிந்துரைப்பது

மூன்று விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஏற்றது அறைவகுத்த ஒற்றைக்கட்டே என்பது நமது கருத்து. குடும்பப் பதிவு, முகாம், களஞ்சியம், இரத்ததானம் என நான்கு அறைகள். ஓர் அறை மற்றதன் தரவை நேரே தொடாமல் வாயில்வழி கேட்க வேண்டும். ஒவ்வோர் அறைக்குள்ளும் திரை, விதி, சேமிப்பு என்னும் அடுக்கொழுங்கு. வெளியாருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பணியை மட்டும் நிகழ்வுவழி முறையில் வைப்போம். செய்திகள் வரிசையிற் காத்திருந்து, இணைப்பு வந்ததும் போகட்டும். அது தடைப்பட்டதற்காகப் பதிவு நிற்றலாகாது. மாலை அறிக்கைக்குத் தொடர்முறை போதும். ஒரு முகாமின் பதிவிலக்கம் இன்னொன்றோடு மோதாதிருக்க, முகாமின் குறியெழுத்தையும் சேர்த்தே இலக்கமிட வேண்டும். இச்சிறு விதியை முதல் நாளே வையாவிட்டால், ஒன்றுசேர்க்கும் நாளில் இரு குடும்பங்கள் ஒரு குடும்பமாகிவிடும்.

நாளை திருகோணமலை மாவட்டம் முழுவதும் இதனைக் கைக்கொண்டு ஓர் அறைக்கு மட்டும் பாரம் மிகுந்தால், அவ்வறையைத் தனிவீடாக்கலாம். சுவர் முன்னரே இருப்பதனால் பிரிப்பது இயலும். முதலில் ஒற்றைக்கட்டாகத் தொடங்குக என்று நுண்சேவையின் பெயரைப் பரப்பிய பவுலர்தாமே 2015 ஆம் ஆண்டில் அறிவுறுத்தினார்.

பெரியோர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். எந்தப் பாங்கைத் தெரிந்தோம், எவற்றை விட்டோம், ஏன், எந்நிலை வந்தால் மீண்டும் ஆராய்வோம் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதிச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டி வைக்கச் செய்யுங்கள். இன்று எழுதுவோர் பத்தாண்டில் எங்கெங்கோ இருப்பர். காரணம் அறியாத புதியவர் சுவரை இடிக்கவும் அஞ்சுவர், காக்கவும் அறியார். அடுத்து, ஆண்டுதோறும் வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் ஒருநாள் இணையத்தைத் துண்டித்துவிட்டு இச்செயலியை ஒத்திகை பார்க்க இம்மண்டபத்தைத் தந்துதவுங்கள். நல்ல கட்டமைப்பா என்பதை அன்று அறியலாம்.

இளைஞர்களே, உங்களுள் நுண்சேவையைக் கற்க விழைவோர் தாராளமாகக் கற்க வேண்டும். தொழிற்சந்தையில் அதற்கு மதிப்புண்டு. ஆனால் நமது கல்விக்கான பயிற்சிக்களம் வேறு, இடரில் தாயைத் தேடும் பிள்ளைக்கான பதிவேடு வேறு. முன்னதில் எதனையும் முயன்று பார்க்கலாம். பின்னதில் நம்மால் காக்கக்கூடியதையே கட்ட வேண்டும். நமது கைகளை எண்ணி, நமது மழையை எண்ணி, அதற்கேற்ற வீட்டைக் கட்டுவோமாக.